பாதி ஷேக்கிள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ரூபா ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அவளிடம் இரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்று சென்னையிலிருந்து. உலோகப் பொருள்களில் எம்.டெக்., சிறப்புப் பாடம் முறிவு ஆய்வு. இன்னொன்று இந்தூரிலிருந்து. பொருள் அறிவியலில் எம்.டெக்., பேட்டரிக்கான பொருள்கள். கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில், சாதுவாக நின்றன. ஒன்றை ஏற்று உறுதி செய்தால் மற்றது அந்தக் கணமே கைவிட்டுப் போகும். பிறகு கெஞ்சினாலும் வராது.

சேலத்தில் அவளோடு உலோகவியல் படித்த வைஜெயந்தி விடிந்ததும் விடியாததுமாக அழைத்துவிட்டாள்.

"ஏய், இதுல யோசிக்க என்னடி இருக்கு? இந்தூர் போடு. இனிமே ஊரே பேட்டரியிலதான் ஓடப்போகுது. உடைஞ்ச போல்ட்டையும் ஓட்டைப் பைப்பையும் வச்சிக்கிட்டு ரெண்டு வருஷம் என்ன பண்ணுவ? போஸ்ட்மார்ட்டம் பண்ற வேலை அது."

"எனக்குப் போஸ்ட்மார்ட்டம்தான் வேணும்."

"தெரியும். உங்க வீட்டு இரும்பு." வைஜெயந்தி பெருமூச்சு விட்டாள். "சரி, அழுத்துறதுக்கு முன்னாடி அந்த லேப்ல இருக்கிற யார்கிட்டயாவது பேசிடு. காலேஜ் பேரைப் பாக்காத, கைடைப் பாரு. மைக்ராஸ்கோப் யாருக்குக் கிடைக்குது, யார் க்யூவுல நிக்கிறாங்கன்னு கேளு. வெப்சைட்டுல எல்லா லேப்பும் அழகாத்தான் இருக்கும்."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ரூபா காத்திருந்தாள். மற்றபடி அவள் முடிவெடுத்து ஏழு வருடமாகிறது.

இரும்பு, தீவில், ஜங்லிகாட்டில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், டிவிக்கு மேலிருந்த பலகையில், மடித்த செய்தித்தாளின்மேல் இருந்தது. துறைமுகத்தில் அதை ஷேக்கிள் என்பார்கள். குதிரை லாடம்போல வளைந்த கனத்த இரும்பு. வாயின் குறுக்கே ஒரு திருகாணி. கிரேனின் கொக்கியையும் சுமையைக் கட்டிய கம்பிவடத்தையும் இணைப்பது அதுதான். இவர்களிடம் இருந்தது அதில் பாதி. வளைவின் நடுவில் முறிந்த பாதி. மற்ற பாதி ஹேடோ துறைமுகத்தில், கப்பலுக்கும் துறைமேடைக்கும் இடையே கிடந்த தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்போது அவள் அப்பா ஆவுடையப்பன் அங்கே கலாசியாக இருந்தார். சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டுவது அவர் பொறுப்பு. மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பலில் இருந்து கட்டடக் கம்பிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டியவர் கணபதி. அவர் மதுரைப் பக்கம், இவர்கள் திருநெல்வேலிப் பக்கம். சொந்தமில்லை, ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கட்டு அந்தரத்தில் இருக்கும்போது ஷேக்கிள் முறிந்தது. கணபதி ஓடுவதற்குத் திரும்பினார் என்று மட்டும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சுமையைச் சமமில்லாமல் கட்டியதால் நழுவியது, கட்டியவர் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். இல்லை, ஷேக்கிள் உடைந்தது என்றார் அப்பா. எங்கே அது என்றார்கள். கடலுக்குள் என்றார். துறைமுகத்தில் அவருக்கு மறுபடி வேலை இல்லாமல் போயிற்று. ஜங்லிகாட்டிலேயே கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை ஒன்றில் பெயின்ட் அடிக்கச் சேர்ந்தார். இன்றுவரை அதுதான்.

அந்தப் பாதியை அவர் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த சாயங்காலம் ரூபாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எப்பா, அவங்க கையில குடுத்தா அழிச்சிருவாங்கன்னுதான எடுத்துட்டு வந்துட்டீங்க?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதற்கு என்று ஆயிற்று. இந்தத் தீவில் இரும்பைச் சும்மா விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஜன்னல் கம்பி, கேட்டுக் கொண்டி, ஸ்கூட்டர் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டியின் கால், எதுவானாலும் துரு வருவதற்குள் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு பூசிவிட வேண்டும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி இங்கே இரும்புக்குச் செய்வார்கள். அப்பாவும் வாசற்படியில் குந்தி, பாதி ஷேக்கிளை மடியில் வைத்து, பழைய பூச்சைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்து, எமரித் தாளால் தேய்த்து, புதிதாகச் சிவப்பு பூசி வெயிலில் வைப்பார். அம்மா ஜெயராணி பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறவள். "பெத்த புள்ளைக்கு இப்படி ஒரு நாள் தலை சீவிவிட்டிருப்பாரா இந்த மனுஷன்?" என்று தாண்டிப் போவாள். ரூபாவுக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். அப்பா சாட்சியைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

கணபதியின் மனைவி ஒச்சம்மா மூன்று வீடு தள்ளி இருந்தாள். காலையில் இட்லி, சாயங்காலம் பணியாரம் என்று வாசலிலேயே வியாபாரம். கணபதி போன பிறகு இரண்டு வருடம் அவள் இந்த வீட்டு ஆட்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயில் ரூபாவின் குடம் முன்னால் இருந்தால் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பதினைந்து வயதில் ஒரு நாள் ரூபா அவளை அங்கேயே மறித்தாள். எங்கோ படித்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். "அத்தை, இரும்பு பொய் சொல்லாதாம். உடைஞ்ச முகத்த மைக்ராஸ்கோப்புல பாத்தா, எப்ப விரிசல் விட்டுச்சு, எப்படி உடைஞ்சதுன்னு எல்லாம் தெரிஞ்சிருமாம். அந்தப் படிப்பு இருக்கு. நான் படிச்சிட்டு வந்து உங்களுக்குச் சொல்லுதேன்."

ஒச்சம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சொல்லு. அதுவரைக்கும் ஒங்கப்பன நான் வையல."

அந்த வார்த்தைமேல்தான் ஏழு வருடமாக இரண்டு வீடுகளும் நின்றுகொண்டிருந்தன. ரூபா சேலத்தில் படித்த நான்கு வருடமும் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒச்சம்மா கேட்பாள். "இரும்புப் படிப்பு எம்புட்டு தூரம் வந்துருக்கு?"

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார். "இந்தூரு எங்கட்டி கெடக்கு?"

"மத்தியப் பிரதேசம்பா."

"பக்கத்துல கடல் உண்டுமா?"

"கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப துருவும் கிடையாது. நல்ல ஊருதான்."

அம்மா சிரித்தாள். "இவுகளுக்கு ஊருன்னா துரு பிடிக்குதா பிடிக்கலையா, அவ்ளோதான்."

"நான் சென்னைதான்பா போடப்போறேன்."

அப்பா மோர் விட்டுப் பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தார். "ரெண்டையும் நல்லா விசாரிச்சியா? பேட்டரின்னா இப்ப நெறைய வேல வருதாம்லா. பட்டறையில விஜயன் சொன்னான், இங்கயே பஸ்ஸெல்லாம் பேட்டரிக்கு வந்துருச்சுன்னு. அவசரப்படாத."

படிப்பு விஷயத்தில் அவர் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. மகள் தூரமாகப் போகப்போகிறாள், அதனால் கலங்குகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பாதி ஷேக்கிளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஆறு புகைப்படம் எடுத்து, சென்னை ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிற பிரவீன்குமாருக்கு அனுப்பினாள். பதினோரு மணிக்கு அவனே அழைத்தான். கலகலப்பான ஆள்.

"எங்க லேப்புக்கு இங்க மார்ச்சுவரின்னு பேருங்க. வர்றது எல்லாமே முடிஞ்ச கேஸ்தான். மைக்ராஸ்கோப் ஒண்ணு, ஆள் பதினாலு. செவ்வாய்க்கிழமை ஸ்லாட் புக் பண்ணா அன்னைக்குப் பாத்து ஏசி போயிடும். நந்தகுமார் சார் நல்ல கைடு. நாம எழுதினதைத் திருத்துவாரு, நம்மளைத் திருத்த மாட்டாரு. வேற என்ன? ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, நான் இன்னும் ஒரு வருஷம் அதையே திங்கணும்."

ரூபா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

"போட்டோ பாத்தேங்க," என்றான். "அந்தச் சிவப்பு என்னது?"

"ரெட் ஆக்சைடு. ப்ரைமர்."

"உடைஞ்ச முகத்துமேலயா?"

"ஆமா. இல்லைன்னா துருப்பிடிச்சிடும்."

"எத்தனை கோட் இருக்கும்?"

"மாசம் ஒண்ணு. ஒன்பது வருஷமா. ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டிட்டு, எமரி போட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் தானாகவே தேய்ந்தது.

"தப்பா நினைக்காதீங்க. சாப்பிட்ட இலையைக் கழுவி வெச்சுட்டு, என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்கிற மாதிரி இருக்கு."

அவளுக்கு இது தெரியாததா? முறிந்த முகத்தைத் தொடாதே, தேய்க்காதே, இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்காதே. மூன்றாம் ஆண்டுப் பாடத்தின் முதல் பக்கமே அதுதான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அந்த வரியையும் டிவிக்கு மேலிருந்த இரும்பையும் அவள் மனம் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பாடம் சேலத்தில் இருந்தது. இரும்பு வீட்டில் இருந்தது. நடுவே அத்தனை கடல்.

பிரவீன்குமார் ஆறுதலாகப் பேசத் தொடங்கியிருந்தான். "முழுசாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். குறுக்கே அறுத்துப் பாத்தா இரும்பு நல்லதா மட்டமான்னு தெரியும். ஓரத்துல சின்ன விரிசல் ஏதாவது உள்ள மிச்சமிருந்தா அதுவும் பேசும். போன வருஷம் ஒரு கேஸ் வந்துது, ஒரு கொக்கி. உடைஞ்ச முகத்துல கால்வாசி இடத்துல பெயின்ட். என்ன அர்த்தம்? விரிசல் முதல்லயே இருந்திருக்கு. மேல அடிச்ச பெயின்ட் உள்ள இறங்கியிருக்கு. அடிச்ச ஆளு பாத்திருப்பான். பாத்துட்டுதான் அடிச்சிருப்பான். சார் ரிப்போர்ட்ல ஒரே வரிதான் எழுதினார், பூச்சு விரிசலுக்குப் பிந்தியதுன்னு. கேஸ் முடிஞ்சிருச்சு."

"ம்," என்றாள் ரூபா. அதற்குப் பிறகு அவன் விடுதியைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோ ஏதோ சொன்னான். அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

அன்னைக்குக் காலையிலதான ஒவ்வொரு ஷேக்கிளா கையில எடுத்து பெயின்ட் அடிச்சேன், நான் பாக்காத சாமான் உண்டுமா?

அப்பாவின் குரல். கணபதி இறந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். தான் எவ்வளவு கவனமான ஆள் என்பதற்கு அத்தாட்சியாக. ஒரு வாரத்துக்குப் பிறகு அதை அவர் சொன்னதேயில்லை. பதின்மூன்று வயதில் அந்த வாக்கியம் நின்றுபோனதை அவள் கவனித்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், ஜன்னலோரம் நின்றபடி, இப்போது கவனித்தாள்.

ஷேக்கிளைக் கையில் எடுத்தாள். வளைவின் வெளிப்பக்கம் பொரிப்பொரியாக, உப்புத் தின்ற குழிகளோடு இருந்தது. கம்பி பிரஷ் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. முறிந்த முகத்தில் கட்டைவிரலை வைத்தாள். வழவழவென்று, தட்டையாக, நெடுநாள் தேய்ந்த அம்மிபோல இருந்தது. எமரித் தாள் இதைச் செய்யாது. அரம் செய்யும்.

அந்த அரத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். சேலத்தில் இடம் கிடைத்து, கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில், அப்பாவின் பைக்குள் காகிதத்தில் சுற்றிய புது அரம் இருந்தது. பட்டறைக்கு என்றார். பெயின்ட் அடிக்கிறவருக்கு அரம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எதைத்தான் கேட்டாள்? அந்த முதல் சாயங்காலமே கேள்வியோடு பதிலையும் அவளே அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று முழுதும் தலைவலி என்று படுத்திருந்தாள். அம்மா நெற்றியில் தைலம் தேய்த்து, "ரெண்டு ஊருல ஒண்ணச் சொல்ல இவ்ளோ வலியா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை பாதி ஷட்டர்தான் திறந்திருக்கும். முதலாளி இல்லாத நாள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரூபா குனிந்து உள்ளே போனபோது அப்பா, யார் வீட்டுக்கோ போகவேண்டிய ஒரு கேட்டை இரண்டு ஸ்டூல்களின்மேல் கிடத்திச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். அவள் செய்தித்தாளைப் பிரித்து ஷேக்கிளை மேசைமேல் வைத்தாள்.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்த? நானே மத்தியானம் வந்து அடிச்சிருவேன்லா. இன்னைக்கு மொத ஞாயிறுல்லா."

"எப்பா. அன்னைக்குக் காலையில நீங்க பெயின்ட் அடிக்கும்போது இதுல கோடு இருந்துச்சா?"

பிரஷ் நிற்கவில்லை. இன்னும் இரண்டு கம்பிகளைப் பூசியது. மூன்றாவதில் நின்றது.

"யாரு சொன்னா?"

அந்தக் கேள்வியே அவளுக்குப் போதுமாயிருந்தது. இருந்தாலும் காத்திருந்தாள்.

அப்பா பிரஷை டப்பாவின் விளிம்பில் கவனமாக வழித்து, குறுக்கே வைத்தார். "மயிரிழை மாதிரிதான் இருந்துச்சு. நகத்த வச்சுப் பாத்தேன். நகம் மாட்டிச்சு."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"மறுநாள் இன்ஸ்பெக்சன். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னு கத்துதான், ஜல்தி கரோ, சப் லால் கர் தோன்னு, சீக்கிரம் எல்லாத்தையும் செவப்பாக்குன்னு. வேற ஷேக்கிள் வேணும்னா கோடவுனுக்குப் போவணும், சீட்டு எழுதி வாங்கணும். மழ வேற ஊத்துது. இன்னைக்கு ஒரு நாளு ஓடட்டும், நாளைக்கு இத மட்டும் ஒதுக்கிருவோம்னு நெனச்சேன். அடிச்சிட்டேன்." ஷட்டருக்கு வெளியே தெறித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். "அடிச்ச பொறவு கோடு தெரியல. எனக்கே எது அந்த ஷேக்கிளுன்னு தெரியல, பாத்துக்கோ. பன்னெண்டும் ஒண்ணுபோல செவப்பா காயுது. மத்தியானம் அதுல எதையோ எடுத்து மாட்டுனேன்."

"இத ஏன் கடல்ல போடல?"

"ரெண்டு தடவ படகுத்தொற ஜெட்டி வரைக்கும் போனேன். கை வரல. மாப்ள கெடந்த எடத்துல கெடந்துச்சுட்டி இது." குரல் உடையும் என்று அவள் எதிர்பார்த்தாள். உடையவில்லை. பழைய சரக்கு விலையைச் சொல்வதுபோலத்தான் இருந்தது. "சமமாக் கட்டலன்னு எழுதுனாவ. சரி, அது கையத் தப்பி நடந்தது, அதோட போவட்டும்னு நானும் ஷேக்கிளு கடல்ல போச்சுன்னுட்டேன். நீதான் விடல."

"நானா?"

"நீதான? படிச்சு வந்து காட்டுதேன், இரும்பு பேசும்னு ஒச்சம்மாகிட்ட போயி நின்ன. ஒவ்வொரு வருஷமும் மார்க்க வாங்கிட்டு வந்து என் முன்னால நிக்க. எம்மவ நல்லாப் படிக்கணும்னு முருகன் கோயில்ல கும்பிடுவேன். கும்பிட்டுட்டு, ரொம்பப் படிச்சிரக் கூடாதுன்னும் கும்பிடுவேன்."

ரூபா நடந்து வரும்போது கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். அதற்காகச் சில வார்த்தைகளைக்கூடத் தயார் செய்திருந்தாள். இப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த மனிதரை ஒன்பது வருடமாக விசாரணைக் கூண்டில் நிற்க வைத்திருந்தது அவள். அன்பாக, தினமும், மதிப்பெண் பட்டியலோடு.

"இந்தூரு போயேன்," என்றார் அப்பா. "ஒன்ன நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

அவள் ஷேக்கிளைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோக்காரன் ஒருவன், "கஹான் ஜானா ஹை தீதி?" என்று கேட்டு வேகத்தைக் குறைத்தான். போக எந்த இடமும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. தலையசைத்துவிட்டு நனைந்தபடியே நடந்தாள்.

வீட்டில் யாருமில்லை. நான்கு மணிக்கு மேல் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சென்னைக்குப் போனால் இரண்டு வருடம் பிறர் வீட்டு முறிவுகளை லென்சுக்குக் கீழ் வைத்து, எங்கே தொடங்கிற்று, யார் பார்த்தார்கள், யார் மறைத்தார்கள் என்று எழுதலாம். எழுத அவளுக்குக் கை வரும். ஒவ்வொரு விடுமுறையிலும் திரும்பி வந்து, எம்புட்டு தூரம் வந்துருக்கு என்று கேட்கிற ஒச்சம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, இப்போதே எழுந்து மூன்று வீடு தாண்டிப் போய்ச் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். கேட்க வேண்டியவள் வாசலில் மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். நடக்க வேண்டியது முப்பது அடி. ரூபா எழுந்தாள். கதவு வரை போனாள். பட்டறையில் அப்பா இந்நேரம் மூன்றாவது கம்பியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பார் என்று நினைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நான்கு ஐம்பதுக்கு இந்தூரை ஏற்று உறுதி செய்தாள். நிச்சயமா என்று திரை மறுபடி கேட்டது. ஆம் என்று தொட்டாள். சென்னை என்ற வரி சாம்பல் நிறமாகி, அடுத்த முறை திறந்தபோது அங்கே இல்லை.

அதற்கப்புறம் அவளால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்தவளை ஒச்சம்மாவே பார்த்துவிட்டாள். பணியாரக் கல்லின்முன் உட்கார்ந்து, நீளக் கம்பியால் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா ரூபா, அஞ்சு மணிக்குள்ள தெரிஞ்சிரும்னியே, தெரிஞ்சிருச்சா? எந்த ஊரு?"

"இந்தூர் அத்தை."

"அது இரும்பா?"

"இல்ல. பேட்டரி." நாக்கு தடுக்கும் என்று பயந்தாள். தடுக்கவில்லை. "சென்னையில கிடைக்கல அத்தை. மார்க் பத்தலையாம்."

ஒச்சம்மாவின் கம்பி நின்றது. "ஒனக்கா மார்க் பத்தல? அவய்ங்க கண்ணுல கொள்ளிய வைக்க. எவன் எழுதுன பரீச்சையப் பாத்துட்டு எவனுக்குச் சொன்னாய்ங்களோ." ரூபாவின் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கினாள். "சரி விடு. அதுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாத. எனக்காகத்தான் நீ இம்புட்டும் படிச்சேன்னு எனக்குத் தெரியாதா? இரும்பு என்னத்தா வந்து பேசணும்? ஒங்கப்பன் மேல தப்பில்லன்னு எனக்கு எப்பவோ மனசுல பட்டுருச்சு. மாசாமாசம் அந்த வாசப்படியில குந்தி, பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுறாப்புல அதத் தொடைக்கிறத நான் இங்கருந்து பாக்குறேன்ல? மனசுல கள்ளம் உள்ளவன் அப்படித் தொடைப்பானா?"

ரூபா நின்றுகொண்டே இருந்தாள். கல்லில் இருந்த பணியாரங்கள் ஒரு பக்கம் கருகத் தொடங்கிய வாசனை வந்தது. ஒச்சம்மா உச்சுக்கொட்டி, கருகியவற்றை ஒதுக்கி, நல்லதாக ஆறு எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள்.

"காசெல்லாம் வேணாம், போ. ஒங்கப்பனுக்கும் குடு. மக தூரமாப் போகப்போறான்னு அந்த மனுசன் வேற சாப்பிடாமக் கெடப்பான்."

அப்பா வந்தபோது இருட்டவில்லை. வாசற்படியில் கம்பி பிரஷோ டப்பாவோ எடுத்து வைக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார்.

"இந்தூரு," என்றாள்.

அவர் தலையாட்டினார். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஆட்டிய அதே ஆட்டல். பின்பக்கம் போய் மண்ணெண்ணெய் போட்டுக் கை துடைத்து, பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். நகக்கண்ணில் சிவப்பு அப்படியேதான் இருந்தது. உட்கார்ந்ததும் கிண்ணம் கண்ணில் பட்டது.

"ஒச்சம்மா குடுத்தாளா?"

"ஆமா. உங்களுக்குத்தான் குடுத்தாங்க. சாப்பிடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை அருகில் இழுத்து ஒன்றை எடுத்தார். மெல்ல மென்றார். இன்னொன்றை எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ரூபா, கடைசி ஒன்றையும் அவர் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.